அக்கிக்குத் தரும் மாத்திரை கிட்னியைக் கெடுக்குமா?



போன மாதம் ஜேடர்பாளையத்தில் நடந்த கூட்டத்தில் சேமிப்பு, உள்கடன் கணக்கெல்லாம் பார்த்து முடித்துவிட்டு டீ குடித்துக் கொண்டிருந்தோம். அப்போது ஒரு ஊக்குநர் கேட்டார். “ஏனுங்க மேடம், அக்கிக்குக் குடுக்கிற மாத்திரை கிட்னியத் தின்னு போடுமாமா? எங்க தெருவுல அப்படித்தானுங்க பேசிக்கிறாங்க.” அவர் கேட்டு முடிப்பதற்குள் நாலைந்து பேர் “ஆமாங்க, நாங்களும் கேள்விப்பட்டோம்” என்றார்கள்.

நான் சமூகப்பணி படித்தவள், டாக்டர் இல்லை. அன்றைக்குத் தெரிந்ததைச் சொல்லிவிட்டு, மற்றதை விசாரித்து நம்ம செய்தி மடலில் எழுதுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். அதனால் இந்த மாதப் பாடம் இதுதான். கொஞ்சம் நீளம். படிக்கத் தெரிந்தவர்கள் குழுவில் வாய்விட்டுப் படித்துக் காட்டுங்கள்.

தெருவில் பேச்சு எப்படி வந்தது?

புகை சும்மா வராது. விசாரித்ததில் இரண்டு வீட்டுச் சங்கதி தெரிந்தது. இரண்டு பேருமே நம்ம உறுப்பினர்கள். சம்மதம் வாங்கித்தான் எழுதுகிறேன். பேர் வேண்டாம்.

முதல் அக்காவுக்கு அறுபது வயசு. பத்து வருஷமாகச் சர்க்கரை. வெல்ல ஆலையில் கொப்பரை அடுப்புக்குப் பக்கத்தில் வேலை. இடது விலாவில் எரிச்சலோடு கொப்புளம் வரிசையாக வந்தது. டாக்டர் பார்த்து அக்கி என்று சொல்லி, 800 மில்லிகிராம் மாத்திரை ஒரு நாளைக்கு ஐந்து வேளை, ஏழு நாளைக்கு எழுதினார். தண்ணீர் நிறையக் குடிக்கவும் சொன்னார். அக்கா இரண்டாம் நாளே வேலைக்குப் போய்விட்டார். அடுப்பு வெக்கை, வேர்வை ஆறாக ஓடுகிறது. ஆனால் தண்ணீர் குடிக்கவில்லை. ஏன் என்று கேட்டேன். “தண்ணி குடிச்சா ஒதுங்கப் போகோணும். அங்க எங்க கண்ணு போறது? ஆம்பளைங்க நின்னுட்டே இருப்பாங்க” என்றார். வலி தாங்காமல் கடையில் டைக்ளோபினாக் வலி மாத்திரையும் வாங்கிச் சேர்த்துப் போட்டிருக்கிறார்.

மூன்றாம் நாள் வாந்தி. ஒண்ணுக்குப் போவது சுண்டிப் போனது. ராத்திரியில் செத்துப்போன மாமியார் வந்து நிற்பதாகப் பேச ஆரம்பித்தார். வீட்டில் காத்து கருப்பு என்று நினைத்து மந்திரிக்கக் கூட்டிக்கொண்டு போனார்கள். அதில் ஒரு நாள் போனது. பிறகு மருமகன் பிடிவாதமாக ஆஸ்பத்திரியில் சேர்த்தார். இரத்தத்தில் கிரியேட்டினின் ஏறியிருந்தது. அந்த மாத்திரையையும் வலி மாத்திரையையும் நிறுத்தி, குளுக்கோஸ் ஏற்றினார்கள். நாலு நாளில் தெளிந்துவிட்டார். இரண்டு வாரத்தில் கிரியேட்டினின் பழைய அளவுக்கு வந்தது. இன்றைக்கு நல்லா இருக்கிறார்.

ஆனால் தெருவுக்குப் போய்ச் சேர்ந்த செய்தி ஒரே வரிதான். “அக்கி மாத்திரை போட்டா கிட்னி போயிரும்.”

அடுத்த மூன்று மாதத்தில் இரண்டாவது சகோதரிக்கு நெற்றியில் அக்கி வந்தது. வலது பக்கம், புருவத்துக்கு மேலே தொடங்கி மூக்கு நுனி வரை இரண்டு கொப்புளம். டாக்டர் கொடுத்த மாத்திரையை அவர் பிரிக்கவே இல்லை. காவி குழைத்து அக்கி எழுதிக்கொண்டார். ஐந்தாம் நாள் கண் சிவந்து வெளிச்சம் பார்க்க முடியவில்லை. அதற்குப் பிறகுதான் கண் ஆஸ்பத்திரி. கருவிழியில் தழும்பு விழுந்துவிட்டது. கொடிக்காலில் வெற்றிலை கிள்ளி, கவுளி எண்ணிக் கட்டுகிறவர் அவர். இப்போது வலது கண்ணில் பனி மூடியது மாதிரி தெரிகிறதாம். எண்ணிக்கை தப்புகிறது என்று கூலியில் பிடிக்கிறார்கள்.

அவருடைய மாத்திரை அட்டையைப் பிரிக்காமல் என்னிடம் காட்டினார். மேலே எழுதியிருந்த பேர் அசைக்ளோவிர். முதல் அக்கா போட்டதும் அதேதான்.

அக்கி என்பது என்ன?

சின்ன வயசில் அம்மை வந்து போகிறது அல்லவா, அந்தச் சின்னம்மைக் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. முதுகெலும்புக்குப் பக்கத்தில் நரம்பு வேரில் போய்ப் படுத்துக்கொள்கிறது. வயசாகி எதிர்ப்பு சக்தி குறையும்போதோ, வேறு நோயால் உடம்பு தளரும்போதோ எழுந்து, ஒரே ஒரு நரம்பு வழியாகத் தோலுக்கு வருகிறது. அதனால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கம் மட்டும் பட்டையாக வரும். அக்கி அடுத்தவருக்கு அக்கியாக ஒட்டாது. ஆனால் அம்மை வராத குழந்தையோ கர்ப்பிணியோ அந்தக் கொப்புள நீரைத் தொட்டால் அவர்களுக்கு அம்மை வரலாம்.

இந்தக் கிருமியின் பங்காளிதான் ஹெர்பிஸ். உதட்டு ஓரத்தில் காய்ச்சலோடு வரும் கொப்புளம், பெண்ணுறுப்பில் வரும் வலியுள்ள கொப்புளம் இரண்டும் அந்த வகை. எல்லாவற்றுக்கும் ஒரே குடும்ப மாத்திரைகள்தான்: அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், பாம்சிக்ளோவிர்.

அக்கி எழுதுவதை நான் குறை சொல்லப் போவதில்லை. என் அம்மாயிக்கு அக்கி வந்தபோது குயவர் வீட்டில் எழுதிக்கொண்டு வந்ததைச் சின்னப் பிள்ளையாகப் பார்த்திருக்கிறேன். காவி பட்டதும் எரிச்சல் குளிர்ந்தது என்றுதான் சொன்னார். ஆனால் கிருமி இருப்பது தோலுக்கு அடியில் நரம்பில். மேலே எழுதுவது அங்கே போகாது. உடைந்த கொப்புளத்தின் மேலும், கண்ணுக்குப் பக்கத்திலும் எதையும் பூச வேண்டாம். மாரியம்மனுக்கு வேண்டிக்கொள்ளுங்கள், வேப்பிலை வையுங்கள். மாத்திரையை மட்டும் தள்ளிப் போடாதீர்கள்.

தள்ளிப் போடக் கூடாது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. கொப்புளம் கண்ணில் பட்டதிலிருந்து 72 மணி நேரம், அதாவது மூன்று நாளுக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். கொப்புளம் சீக்கிரம் காயும், அந்த நாட்களின் வலி குறையும், முகத்தில் வந்தால் கண் கெடும் வாய்ப்பு நன்றாகக் குறையும். புதிதாகக் கொப்புளம் வந்துகொண்டே இருந்தாலோ, முகத்தில் இருந்தாலோ மூன்று நாள் தாண்டினாலும் டாக்டர் கொடுப்பார். ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். அக்கி ஆறிய பிறகும் மாதக்கணக்கில் நிற்கும் நரம்பு வலியை இந்த மாத்திரை வராமலே தடுத்துவிடும் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. அந்த வலிக்கு வேறு மருந்து இருக்கிறது.

இரண்டு கையெழுத்து

இந்த மாத்திரை எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் பயம் பாதி குறையும்.

நம்ம குழுக் கணக்கில் பணம் எடுக்க ஒரு கையெழுத்து போதாது, உங்களுக்குத் தெரியும். ஊக்குநர், பிரதிநிதி இரண்டு பேரும் போட வேண்டும். வெறும் சீட்டு கையில் இருந்தால் பேங்கில் ஒரு ரூபாயும் தர மாட்டார்கள். அசைக்ளோவிர் அந்த வெறும் சீட்டு மாதிரி. உடம்புக்குள் போனதும் அது தானாக வேலை செய்வதில்லை. முதல் கையெழுத்தை அந்தக் கிருமியின் ஒரு பொருள்தான் போட வேண்டும். அதற்குப் பிறகு நம்ம உடம்பு மற்ற கையெழுத்தைப் போடும். அப்போதுதான் அது மருந்தாக மாறி, கிருமி பெருகுவதை நிறுத்தும். கிருமி இல்லாத நல்ல இடத்தில் முதல் கையெழுத்து போட ஆள் இல்லை. சீட்டு சும்மா கிடந்து ஒண்ணுக்கோடு வெளியே போய்விடும். கர்ப்பப்பை, ஈரல், இரத்தம் எல்லாவற்றையும் போட்டு அடிக்கிற மருந்து இது இல்லை.

இதைக் கண்டுபிடித்த குழுவில் முன்னே நின்றவர் ஒரு பெண், ஜெர்ட்ரூட் எலியன். அமெரிக்காக்காரர். பெண் என்பதால் ஆரம்பத்தில் ஆய்வுக்கூடங்களில் வேலை கிடைக்காமல் அலைந்தவர். டாக்டர் பட்டப் படிப்பையும் முடிக்க முடியவில்லை. 1988-ல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு வாங்கினார். அசைக்ளோவிர் மக்கள் கைக்கு வந்தது 1980-களின் தொடக்கத்தில். அப்படியென்றால் நாற்பது வருஷத்துக்கு மேலாக உலகம் முழுவதும் சாப்பிட்டுப் பார்த்த மாத்திரை. இந்திய அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இருக்கிறது.

கிட்னி விஷயம்

மேலே சொன்னேன், சீட்டு ஒண்ணுக்கோடு வெளியே போகிறது என்று. வில்லங்கம் அங்கேதான். இந்த மருந்து பெரும்பாலும் கிட்னி வழியாக மட்டுமே வெளியேறுகிறது. தண்ணீர் போதுமான அளவு இருந்தால் கரைந்து ஓடிவிடும். தண்ணீர் வற்றிய உடம்பில் அது கிட்னியின் மெல்லிய குழாய்களில் சின்னச் சின்னப் படிகமாகத் தங்கி அடைக்கலாம். கொப்பரையில் பாகு முற்றினால் ஓரத்தில் உப்பு மாதிரி படிகிறது பாருங்கள், அதே மாதிரி. ஊசி மூலமாக வேகமாக ஏற்றும்போது இது கூடுதலாக நடக்கும். வாயில் போடும் மாத்திரையில் குறைவு, ஏனென்றால் விழுங்கிய அசைக்ளோவிரில் கால்பங்கு சுமார்தான் இரத்தத்தில் ஏறுகிறது. அதனால்தான் ஐந்து வேளை போடச் சொல்கிறார்கள்.

இப்போது வெல்ல ஆலை அக்காவைப் பாருங்கள். பத்து வருஷச் சர்க்கரையால் கிட்னி ஏற்கனவே கொஞ்சம் தளர்ந்திருந்தது, அது அவருக்கே தெரியாது. அடுப்பு வெக்கை. தண்ணீர் இல்லை. அதற்கு மேல் டைக்ளோபினாக். அந்த வலி மாத்திரை கிட்னிக்குப் போகும் இரத்த ஓட்டத்தைக் குறைக்கக் கூடியது. நாலும் ஒன்றாகச் சேர்ந்தன. மருந்து வெளியே போகாமல் உடம்பில் தேங்கி, மூளைக்கும் ஏறியதால்தான் குழம்பிப் பேசினார். வயசானவர்களிடமும் கிட்னி பலம் குறைந்தவர்களிடமும் இது தெரிந்த பக்கவிளைவு. மருந்து வெளியேறியதும் தெளிந்துவிடும். மந்திரித்ததால் தெளியவில்லை, நாலு பாட்டில் குளுக்கோஸால் தெளிந்தது.

ஆகவே பதில் இதுதான். கிட்னி நன்றாக இருந்து, தண்ணீரும் குடித்தால் இந்த மாத்திரை கிட்னியைத் தின்னாது. சர்க்கரை, இரத்த அழுத்தம், கிட்னிக் கோளாறு உள்ளவர்களும், அறுபது தாண்டியவர்களும் மாத்திரை ஆரம்பிக்கும்போதே கிரியேட்டினின் பரிசோதனை கேளுங்கள். கிட்னி பலம் குறைவு என்று தெரிந்தால் டாக்டர் அளவைக் குறைப்பார். ஐந்து வேளை மூன்று வேளையாகும், இரண்டு வேளையும் ஆகலாம். மாத்திரையே வேண்டாம் என்று அர்த்தம் இல்லை.

நாள் முழுக்க எட்டுப் பத்து டம்ளர் தண்ணீர், வெயிலிலும் அடுப்படியிலும் வேலை என்றால் இன்னும் கூட. நீராகாரம், மோர் எல்லாம் கணக்கில் சேரும். இருதய நோய், கிட்னி நோய் என்று தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லப்பட்டவர்கள் மட்டும் டாக்டரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும். வலிக்குப் பாராசிட்டமால் போதுமா என்று டாக்டரிடமே கேளுங்கள். கடையில் “வலிக்கு ஒண்ணு குடுங்க” என்று கேட்டு வாங்குவதைத் தயவு செய்து நிறுத்துங்கள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021-ல் வந்த பிறகு பிரஷர், சர்க்கரை மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அதைக் கொண்டு வருகிற தன்னார்வலரும் நம்ம மாதிரி ஒரு குழு உறுப்பினர்தான். அக்கி மாத்திரை போடுகிற வாரத்தில் அவரிடம் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.

சாதாரணமாக வரும் தொந்தரவுகள்

தலைவலி, குமட்டல், சில பேருக்கு வாந்தி அல்லது வயிற்றுப்போக்கு. சோறு சாப்பிட்டுப் போட்டால் குமட்டல் குறையும். வெறும் வயிற்றிலும் போடலாம், அதில் தப்பில்லை. “சூட்டு மாத்திரை” என்று இளநீரும் மோரும் மட்டும் குடித்துக்கொண்டு சோற்றை விட வேண்டாம். ஒரு வேளை மறந்துவிட்டால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் ஒன்று மட்டும் போதும், இரண்டாகச் சேர்த்துப் போடாதீர்கள்.

உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய அடையாளம் வேறு. ஒண்ணுக்கு அளவு குறைவது, இடுப்புக்கு மேலே முதுகு வலி, பேச்சு குழம்புவது, இல்லாததைப் பார்ப்பதாகச் சொல்வது, உடம்பெல்லாம் தடிப்பு, உதடு முகம் வீங்குவது, மூச்சுத் திணறல். இதில் எது வந்தாலும் நாளைக்குப் பார்க்கலாம் என்று இருக்கக் கூடாது, 108-ஐக் கூப்பிடுங்கள். மாத்திரை அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள். “வெள்ளை மாத்திரைங்க, நீளமா இருக்கும்” என்று சொன்னால் எந்த டாக்டருக்கும் புரியாது.

நெற்றி, இமை, மூக்கு நுனியில் அக்கி வந்தால் மாத்திரை ஆரம்பித்த அன்றே கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும். மூக்கு நுனிக் கொப்புளம் கண்ணுக்கு வரும் முன்னறிவிப்பு. வீட்டில் மிச்சம் இருக்கும் சொட்டு மருந்து எதையும் கண்ணில் விடாதீர்கள். ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தைக் கண் டாக்டர் சொல்லாமல் விட்டால் ஹெர்பிஸ் கண்ணைத் துளைத்துவிடும்.

வருஷக்கணக்கில் சாப்பிடலாமா?

கூட்டம் முடிந்து பஸ்ஸுக்கு நடக்கும்போது ஒரு தங்கச்சி பின்னாலேயே வந்தது. படுகை அணைப் பூங்கா வரை ஒன்றும் பேசவில்லை. அதற்குப் பிறகுதான் சொன்னது. அடிக்கடி கீழே கொப்புளம் வருகிறது, வருஷத்தில் ஏழெட்டுத் தடவை. உட்கார முடியாது, ஒண்ணுக்குப் போனால் உயிர் போகும். அரசு ஆஸ்பத்திரி சுகவாழ்வு மையத்தில் காட்டியிருக்கிறது. முதலில் சிவப்புப் பெட்டி கொடுத்தார்கள். இப்போது 400 மில்லிகிராம் தினமும் இரண்டு வேளை, ஒரு வருஷம் சாப்பிடச் சொல்லியிருக்கிறார்கள். “ஏழு நாள் சாப்பிட்டதுக்கே அந்த அக்காவுக்கு அப்படி ஆச்சு. நான் ஒரு வருஷம் சாப்பிட்டா என்னங்க அக்கா ஆகும்? கொழந்தை நிக்காதுன்னு சொல்றாங்களே.”

இதே கேள்வி இன்னும் சில பேர் மனசில் இருக்கும், வெளியே கேட்டிருக்க மாட்டார்கள். அதனால் விவரமாக எழுதுகிறேன்.

சுகவாழ்வு மையத்தில் ஒவ்வொரு நோய்க் குறிக்கும் ஒரு நிறத்தில் மருந்துப் பெட்டி உண்டு. சிவப்புப் பெட்டி ஹெர்பிஸுக்கு. உள்ளே 400 மில்லிகிராம் அசைக்ளோவிர் 21 இருக்கும். ஒரு நாளைக்கு மூன்று, ஏழு நாள். இலவசம், இரகசியம் காப்பார்கள். அந்தப் பெட்டி அப்போதைய கொப்புளத்தை ஆற்றும். கிருமியை உடம்பிலிருந்து ஒழிக்காது, எந்த மாத்திரையும் ஒழிக்காது. வருஷத்தில் ஆறு தடவைக்கு மேல் வந்தால்தான் தினசரி மாத்திரை. அது கொப்புளம் வருவதைப் பத்தில் ஏழெட்டுப் பங்கு குறைக்கும்.

அது பாதுகாப்பானதா என்று உலகத்தில் நிறையவே பார்த்திருக்கிறார்கள். அசைக்ளோவிரைத் தினமும் ஆறு வருஷம் வரை சாப்பிட்டவர்களைக் கவனித்ததில் புதிதாகப் பெரிய கேடு ஒன்றும் சேர்ந்து வரவில்லை. கிட்னி நன்றாக உள்ளவர்களுக்கு அடிக்கடி இரத்தப் பரிசோதனை கூடத் தேவைப்படுவதில்லை. ஆப்பிரிக்க நாடுகளில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட தம்பதிகளிடம் ஒரு பெரிய ஆய்வு நடந்தது. எச்.ஐ.வி.யும் ஹெர்பிஸும் சேர்ந்து உள்ளவர்களுக்குத் தினமும் இருவேளை 400 மில்லிகிராம் கொடுத்தால் துணைக்கு எச்.ஐ.வி. பரவுவது குறையுமா என்று பார்த்தார்கள். 2010-ல் முடிவு வந்தது. பரவுவது குறையவில்லை. ஆனால் வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களை விட மருந்து சாப்பிட்டவர்களுக்குத் தீங்கு கூடவும் இல்லை. கண்ணில் ஹெர்பிஸ் வந்தவர்களுக்கும் ஒரு வருஷம் இதே அளவு கொடுத்துப் பார்த்து 1998-ல் எழுதினார்கள். மாத்திரை இல்லாதவர்களில் நூற்றுக்கு 32 பேருக்கு மறுபடி வந்தது, சாப்பிட்டவர்களில் 19 பேருக்குத்தான் வந்தது.

கிருமி மருந்துக்குப் பழகிப் போகாதா என்று கேட்பீர்கள். எதிர்ப்பு சக்தி நன்றாக உள்ளவர்களில் அது நூற்றில் ஒருவருக்கும் குறைவு. வாலாசைக்ளோவிரை ஒரு நாளைக்கு 8 கிராம் என்ற பேரளவில், எதிர்ப்பு சக்தி மிகவும் குறைந்தவர்களுக்குக் கொடுத்தபோது இரத்தம் உறையும் கோளாறு வந்ததைப் பதிவு செய்திருக்கிறார்கள். நமக்கு எழுதும் அளவு அதில் சிறு பங்குதான்.

குழந்தை விஷயம். இந்த மாத்திரையால் மலடு ஆவதாகக் கண்டறியப்படவில்லை. டென்மார்க் நாட்டில் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவப் பதிவுகளை அலசி 2010-ல் வெளியிட்டார்கள். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதத்தில் இந்த வகை மாத்திரை சாப்பிட்ட 1,804 பெண்களின் குழந்தைகளில் பெரிய பிறவிக் குறை நூற்றுக்கு 2.2. சாப்பிடாதவர்களின் குழந்தைகளில் 2.4. வித்தியாசம் இல்லை. அதற்காக நாமாக வாங்கிப் போடலாம் என்று இல்லை, டாக்டர் எழுதினால் பயப்பட வேண்டாம் என்கிறேன்.

உண்மையில் கர்ப்பிணிக்கு ஆபத்து மாத்திரையில் இல்லை, சொல்லாமல் மறைப்பதில்தான். பிரசவ நேரத்தில் கீழே கொப்புளம் இருந்தால் குழந்தைக்குத் தொற்றி உயிருக்கே வரலாம். முன்பு எப்போதாவது வந்திருந்தால் அதை நர்சம்மாவிடமோ டாக்டரிடமோ சொல்லுங்கள். 36-ஆவது வாரத்திலிருந்து மாத்திரை கொடுப்பார்கள். பிரசவத்தில் புண் இருந்தால் ஆபரேஷன் செய்து எடுப்பார்கள். பால் கொடுக்கும் தாய் மாத்திரை சாப்பிடலாம், பாலில் கலப்பது மிகக் கொஞ்சம். மார்பிலேயே கொப்புளம் இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் கொடுக்க வேண்டாம்.

தங்கச்சிக்குச் சொன்னேன், வருஷம் முடிந்ததும் நிறுத்திப் பார்த்து, மறுபடி அடிக்கடி வருகிறதா என்று டாக்டரோடு முடிவு செய், நடுவில் நீயாக நிறுத்தாதே என்று. நிறுத்தினால் உயிர் ஆபத்து ஒன்றும் இல்லை, கொப்புளம் திரும்பும், அவ்வளவுதான். மாத்திரை சாப்பிடும்போதும் துணைக்குத் தொற்றலாம், அதனால் ஆணுறை வேண்டும், புண் இருக்கும்போது சேரக் கூடாது. ஹெர்பிஸ் கிருமி வருஷக்கணக்கில் அமைதியாக இருந்துவிட்டு வெளியே வரும். அதனால் இன்றைக்குக் கொப்புளம் வந்தால் நேற்றைக்கு யாரோ தப்பு செய்தார்கள் என்று கணக்குப் போட முடியாது. இதை வைத்து வீட்டில் சண்டை மூட்டுகிறவர்களிடம் இந்த வரியைப் படித்துக் காட்டலாம்.

நம்ம மாவட்டத்துப் பழைய பயம்

ஒன்று சொல்லியாக வேண்டும். மாத்திரை என்றால் நம்ம பக்கம் பயப்படுவதற்குக் காரணம் இருக்கிறது. நாமக்கல் லாரிக்காரர்கள் ஊர். 1990-களிலும் 2000-களிலும் எச்.ஐ.வி.யால் மிகவும் அடிபட்ட மாவட்டங்களில் நாமும் ஒன்று. 2004 ஏப்ரலில் அரசு இலவசமாகக் கூட்டு மருந்து கொடுக்க ஆரம்பித்தது. எத்தனையோ உயிர் பிழைத்தது. ஆனால் அப்போதைய ஸ்டாவுடின் என்ற மருந்தால் கன்னம் ஒட்டிப் போவதும், கால் மரத்துப் போவதும் நிஜமாகவே நடந்தது. அதைப் படிப்படியாக நிறுத்த வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனமே 2009-ல் சொன்னது. பார்த்தவர்கள் பயப்படத்தான் செய்வார்கள். ஆனால் வைரஸ் மாத்திரை எல்லாம் ஒரே மாத்திரை இல்லை. அசைக்ளோவிர் வேறு, அது வேறு.

இன்றைக்குக் கூட்டு மருந்து சாப்பிடும் சகோதரிகளுக்கு ஒரு சேதி. உங்கள் மாத்திரையில் உள்ள டெனோபோவிரும் கிட்னி வழியாகத்தான் போகிறது. அக்கி வந்தால் இரண்டு டாக்டரிடமும் இரண்டு மாத்திரையையும் சொல்லுங்கள். இன்னொன்று, இளவயசில் அக்கி வந்தாலோ, திரும்பத் திரும்ப வந்தாலோ நம்பிக்கை மையத்தில் ஒரு பரிசோதனை செய்துகொள்வது நல்லது. அக்கி வந்த எல்லோருக்கும் அது இருக்கும் என்று இல்லை, யாரும் யாரையும் சந்தேகமாகப் பார்க்க வேண்டாம்.

அக்கி வராமல் தடுக்க ஐம்பது வயசுக்கு மேல் போடும் தடுப்பூசி 2023-ல் இந்தியாவுக்கு வந்திருக்கிறது. இரண்டு டோஸ். தனியாரில்தான், விலை நமக்குக் கட்டுப்படியாகாது. தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

அவசரமில்லாத சந்தேகத்துக்கு 104-க்குப் போன் செய்யலாம், ராத்திரியிலும் பேசுவார்கள். பால்வினை நோய், எச்.ஐ.வி. பற்றி என்றால் 1097. இரண்டும் இலவசம்.

அடுத்த கூட்டத்துக்கு

வீட்டில் இருக்கிற மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். எது வலி மாத்திரை, எது எதற்கு என்று மருந்தாளுநரை வைத்துப் பிரித்துப் பார்க்கலாம். கண் பாதித்த சகோதரிக்கு மறுபரிசோதனைக்குப் போக வர குழுவில் உள்கடன் கேட்டிருக்கிறார், தீர்மானம் எழுத வேண்டும்.

வெல்ல ஆலை அக்கா இன்னொரு வேலையும் ஆரம்பித்திருக்கிறார். ஆலையில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டித் தரச் சொல்லி மனு எழுதியிருக்கிறோம். முதல் கையெழுத்து அவருடையது. அவரோடு வேலை செய்கிறவர்களில் இன்னும் ஒன்பது பேர் போடவில்லை. மனு பிரதிநிதியிடம் இருக்கிறது, பேனாவும் அவரிடமே இருக்கிறது.